இழுத்த காலும் வைத்த காலும்

மகனே,

இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். உன் அம்மா சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறாள். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு குறைவுமில்லை. படி ஏறும்போது முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் அதுவும் அடங்கிவிடுகிறது. நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. ஒரு தடவை எனக்காகப் படித்தேன், ஒரு தடவை உன் அம்மாவுக்காக வாய்விட்டுப் படித்தேன். கேட்டு முடித்ததும் அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை.

வக்கீலிடம் தொழில் பழகுகிறவன் எழுதிய கடிதம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வழக்கு, சாட்சி, தீர்ப்பு எல்லாவற்றையும் நீயே நடத்தி முடித்துவிட்டாய். தலைதீபாவளிக்கு மாமனார் ஊரான அம்பாசமுத்திரம் வரமாட்டாய். உலகம்மையை மதராஸுக்கு அழைத்துப் போகவும் மாட்டாய். அவள் பிறந்த வீட்டிலேயே மரியாதையாக இருந்துகொள்ளட்டும். காரணம், அவளுக்கு உன்மேல் மனமில்லை. அதற்குச் சாட்சி, கல்யாணத்தன்று அம்மி மிதிக்கும் நேரத்தில் நீ அவள் காலைத் தொட்டதும் அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வாய் பொய் சொல்லும் அப்பா, பெற்றவர்கள் சொல்லிக் கொடுத்தபடி தலையும் ஆடும். கால் பொய் சொல்லாது" என்று எழுதியிருக்கிறாய். அழகான வாக்கியம். கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜே நிமிர்ந்து உட்காருவார். ஆனால் நான் ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் அடுத்தவர் கைகால்களைப் பார்த்தே கழித்தவன். கால் பொய் சொல்லாது என்பது சரிதான். சில வேளைகளில் அது எதையுமே சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டும்போது மறந்துபோகும். உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. தாலி கட்டியாகிவிட்டது, இனி அவள் மனசு எப்படி இருந்தால் எனக்கென்ன என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மனமில்லாத பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வரமாட்டேன் என்று ஒருவன் எழுதுகிறான், அவன் என் மகன். அதை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடேயே சொல்கிறேன், நீ ஒரு முழுமுட்டாள். நல்லவனாகவும் முட்டாளாகவும் ஒரே நேரத்தில் இருப்பது ஆபத்து. கெட்டவன் செய்யும் தப்பை நாலு பேர் தடுப்பார்கள், உன் மாதிரி நல்லவன் செய்யும் தப்பைத் தடுக்க யாருக்கும் கை வராது. எனக்கு வரும்.

அன்று நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். நீ அம்மிக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றாய். நான் உனக்கு நேரெதிரே, ஹோமத்துக்கு அந்தப் பக்கம். அம்மியின் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு இருந்தது. காலைப் பிடித்து அம்மிமேல் வையுங்கோ என்று ஐயர் சொன்னார். நீ வலது கையை அவள் பாதத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாய். அந்தக் கையின் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் இருந்தது. ஐயர் அவசரத்தில் முடிந்தது, நுனி கத்தரிக்காமல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அதை உன் விரலில் பார்த்தபோதே, யார் கண்ணையாவது குத்தப் போகிறது என்று நினைத்தேன். கண்ணைக் குத்தவில்லை. உள்ளங்காலின் நடுவில், குதிகாலிலிருந்து விரல் பக்கமாக ஒரு கோடு இழுத்தது. உடனே அவள் கால் மேலே போயிற்று. விரல்கள் சுருண்டன, முழங்கால் மடங்கிற்று, போகிற வேகத்தில் குதிகால் செம்பில் இடித்துச் செம்பு கவிழ்ந்து, உன் பட்டு வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணீர். பின்னாலிருந்து உன் பெரியத்தை, என் அக்காதான், ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னாள்: "என்னலே இது, பிள்ள மாப்பிள்ளைய உதைச்சுட்டா!" நாலு பேர் சிரித்தார்கள். நீ முகம் சிவந்து அத்தை பக்கம் திரும்பினாய்.

உன் வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. உதைச்சுட்டா. அக்காவின்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வாய் அப்படித்தான். பல்லில் கல் கடிபட்டாலும், யாரோ வேண்டுமென்று போட்ட கல் என்பாள். ஆனால் நீ தமிழ் படித்தவன், கொஞ்சம் யோசித்திருக்கலாம். நமக்குத் தும்மல் வருகிறது. விக்கல் எடுக்கிறது. கண் துடிக்கிறது. உடம்பு சிலிர்க்கிறது. இதிலெல்லாம் செய்கிறவன் நான் என்று நாம் சொல்வதேயில்லை. எனக்கு வந்தது, எனக்கு எடுத்தது என்றுதான் சொல்கிறோம், விருந்தாளி வந்ததைச் சொல்கிற மாதிரி. கண் துடித்தது என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கண்ணைச் சிமிட்டினான் என்றால் அடிதடி ஆகிவிடும். இமை இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் அசைந்தது, ஆனால் தமிழில் இரண்டும் வேறு. கால் இழுத்துக்கொண்டது என்பதும், காலை இழுத்தாள் என்பதும் அதே போலத்தான். அக்கா ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் போட்டுவிட்டாள். நீ அதை மதராஸ் வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாய்.

இனி, என் படிப்பு உனக்கு உபயோகப்படுகிற நேரம். உன் தாத்தா உயிரோடிருந்த வரைக்கும் நான் மதராஸில் என்ன படித்தேன் என்று அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. சைவப் பிள்ளைமார் வீட்டிலிருந்து போனவன் தவளையை அறுத்தான் என்று தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார். முதல் நாள் அறுத்துவிட்டு வந்து, கிணற்றடியில் தலை முழுகியும் சோறு இறங்கவில்லை, மோரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அந்த வகுப்பில் வாத்தியார் ஒன்று செய்து காட்டினார். தவளையின் தலையை எடுத்துவிட்டு, உடம்பை ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார். நாங்கள் எல்லோரும் செத்தது என்றே நினைத்தோம். பிறகு காரமான திராவகத்தில் நனைத்த ஒரு துண்டுக் காகிதத்தை அதன் இடுப்போரம் ஒட்டினார். தொங்கிக்கொண்டிருந்த பின்னங்கால் மடங்கி மேலே வந்து, அந்தக் காகிதத்தைத் தட்டிவிட்டு மறுபடியும் தொங்கிற்று. இன்னொரு காகிதம் ஒட்டினார், மறுபடியும் தட்டிவிட்டது. எங்களில் ஒருவன் பயந்து வெளியே ஓடிவிட்டான். அப்புறம் வாத்தியார் ஒரு நீள ஊசியை முதுகெலும்புக்குள் விட்டு, உள்ளே ஓடுகிற தண்டுவடத்தைக் குலைத்தார். அதற்குப் பிறகு எத்தனை காகிதம் ஒட்டினாலும் கால் அசையவில்லை.

இந்த இடத்தில் உன் அம்மா எட்டிப் பார்த்து, "கல்யாண விஷயம் எழுதுதியன்னு பாத்தா தவளையப் பத்தி எழுதுதிய. பிள்ளைக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தவளை இல்லாமல் உனக்கு விளங்காது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

விஷயம் இதுதான். தோலில் ஒன்று குத்தினாலோ சுட்டாலோ, அந்தச் செய்தி நரம்பு வழியாக முதலில் போய்ச் சேருவது முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்கு. அங்கேயே அது வேறொரு நரம்புக்குக் கைமாறித் தசைக்குத் திரும்பிவிடும். தசை சுருங்கும், கால் மடங்கும். இவ்வளவும் நடந்து முடிகிற வேளையில்தான் மூளைக்குத் தகவலே போகும். நம் ஆற்றில் வெள்ளம் வரும்போது வாய்க்கால் மடையை அடைக்கிறவன் கலெக்டர் கச்சேரிக்கு மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருப்பதில்லை. பலகையை இறக்கிவிட்டு, பிறகுதான் சொல்லி அனுப்புவான். அடுப்பில் கைபட்டால் நீ கையை எடுத்த பிறகுதானே ஆ என்கிறாய். எடுத்தது தண்டுவடம், ஆ என்றது நீ. உலகம்மை விஷயத்திலும் கால் போனது முதலில். தன் கால் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது, செம்பு கவிழ்கிற சத்தம் கேட்டபோதுதான்.

தவளைக்கு நடப்பது மனுஷனுக்கு நடக்குமா என்று நீ குறுக்கு விசாரணை செய்வாய். நடக்கும், பார்த்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கும். நான் ஏரல் பக்கம் வேலை பார்த்த காலத்தில் பனையேறி ஒருவன் மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து வந்தான். நல்ல வாலிபன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, கால்கள் துணி மாதிரி கிடந்தன. சில வாரம் கழித்து ஒருநாள் நான் அவன் உள்ளங்காலைப் பேனாக்கட்டையால் கீறிப் பார்த்தேன், கால் வெடுக்கென்று மடங்கிற்று. பக்கத்திலிருந்த அவன் பெண்சாதி என் காலிலேயே விழுந்துவிட்டாள். "டாக்டரய்யா, கால் வந்துட்டு. ஒங்க கை பட்டதும் உதறுது பாருங்க" என்று அழுதாள். நான் அவனிடம், "நீயா அசைச்சுப் பாரு" என்றேன். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நெற்றியில் நரம்பு புடைத்தது, கழுத்தெல்லாம் வேர்த்தது. கால் சும்மா கிடந்தது. "அது எங்கன கிடக்குன்னே எனக்குத் தெரியலியே ஐயா" என்றான். மறுபடி கீறினேன், மறுபடி உதறிற்று. அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அந்தக் கால் உதைத்தது, அவள் புருஷன் உதைக்கவில்லை. தண்டுவடத்தில் முறிவுக்குக் கீழே இருந்த பாகம் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது. மேலே அவன் தலையிலிருந்து இறங்கி வருகிற வழிதான் அறுந்து போயிருந்தது. அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கால் அசைந்ததை மனசு அசைந்ததாக எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்தி. நீ இரண்டாவது ஆள். அவளுக்காவது படிப்பில்லை, புருஷனை எழுப்பிவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. உனக்கு என்ன சாக்கு?

உன் கட்சியையே உனக்கு எதிராகத் திருப்பிப் பார். அம்மி மிதிப்பதற்குச் சற்று முன்னால், ஹோமப் புகை உன் பக்கமாக அடித்தது. உன் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். துண்டால் துடைக்கத் துடைக்க வந்தது. மாப்பிள்ளை மணவறையில் அழுதான், அவனுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, கண்ணீர் பொய் சொல்லாது என்று அம்பாசமுத்திரத்துக்காரர்கள் யாராவது சொன்னார்களா? உலகம்மை அதைப் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாளா? உன் கண்ணுக்குப் புகை என்றால் அவள் காலுக்குத் தர்ப்பை. ஒரே மணவறையில் உனக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டம் என்றால் உன் வக்கீலே ஒப்புக்கொள்ளமாட்டார்.

அப்படியானால் நாமெல்லாம் தலையில்லாத தவளைதானா, மனசு எங்கே இருக்கிறது என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். நீ பிறந்த அன்று உன் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டாய். விரலை இழுத்தால் உடம்பே கூட வந்தது. "பாத்தியளா, பிறந்ததும் அப்பன் யாருன்னு கண்டுக்கிட்டான்" என்று உன் அம்மா சொன்னாள். அது பச்சைக் குழந்தைகள் எல்லாம் செய்வது, விரலுக்குப் பதில் விறகை வைத்தாலும் பிடிக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் சொன்னதுதான் சரி. சில மாதம் போனதும் அந்தப் பிடி தானாகவே மறைந்துபோயிற்று. மூளை வளர வளர, கீழே தன்னிச்சையாக நடந்துகொண்டிருந்ததை எல்லாம் அதட்டி அடக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு நீ பிடித்தது என் மூக்குக்கண்ணாடி, வெண்கலக் கிண்ணம், பூனையின் வால். அதெல்லாம் நீ வேண்டும் என்று பிடித்தது. கண்ணால் பார்ப்பாய், கையை நீட்டுவாய், தப்பிப்போகும், மறுபடி நீட்டுவாய். தப்பிப்போய் மறுபடி நீட்டுகிற கைதான் மனசின் கை. அப்புறம் ஒரு நாள் ஆற்றங்கரைப் படியில் இறங்கும்போது, யாரும் சொல்லாமல் நீயாக என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாய். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, கடைசிப் படி வரைக்கும் அந்த விரலை அசைக்காமலே இறங்கினேன். உன் அம்மாவிடம் அதை நான் இன்றுவரை சொல்லவில்லை, சொன்னால் பழிவாங்கிவிடுவாள்.

அந்த மனசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். நீ தவழ்கிற வயசு. உன் அம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டு கஞ்சி வடிக்கத் திரும்பினாள். பிடிதுணி நழுவிவிட்டது. சுடுகிற பானை வெறும் கையில். தண்டுவடத்தைக் கேட்டால், விடு என்றுதான் சொல்லியிருக்கும், எந்த உயிருக்கும் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்த நேரம் நீ அவள் காலடியில் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். அவள் பானையை விடவில்லை. பைய நடந்து, பைய குனிந்து, தரையில் வைத்துவிட்டு, உன்னைத் தூக்கித் தூரமாக உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் கத்தினாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்து போயிருந்தது. மருந்து வைத்துக் கட்டியவன் நான். எரிகிற கைக்கு விடு என்று கீழிருந்து வந்த உத்தரவை, மேலிருந்து வந்த ஒரு உத்தரவு அடக்கிவிட்டது. தானாக நடப்பதை நம்மால் சில நேரம் தடுக்கவும் முடியும், நடந்து முடிந்த பிறகு அதற்கு மேலே வேறொன்றைச் செய்யவும் முடியும். இரண்டுக்கும் இழுப்பது அதே தசைதான், அதே நரம்புதான். உத்தரவு எங்கேயிருந்து வந்தது என்பதில்தான் ஆள் இருக்கிறான்.

இப்போது மறுபடி மணவறைக்கு வா. நீ அத்தை பக்கம் திரும்பி நின்றாய். திரும்பினவன் மறுபடி குனிந்து பார்த்தபோது கால் அம்மிமேல் இருந்தது. சரி, யாரோ தூக்கி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நீ மெட்டியைப் போட்டாய். உன் கடிதத்திலும், "பிறகு அவள் தாய்மாமன் காலைப் பிடித்து வைத்தார்" என்று எழுதியிருக்கிறாய். மகனே, தாய்மாமன் அந்த நேரத்தில் கவிழ்ந்த செம்பை எடுப்பதற்காக அந்தப் பக்கம் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவள் காலை யாரும் தொடவில்லை. நான் எதிரே நின்று பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல், மடக்கியிருந்த காலை மெதுவாக இறக்கினாள். தரையில் ஓடிய மஞ்சள் தண்ணீரைத் தாண்டினாள். செம்பு வழியில் கிடந்தது, பாதி வழியில் நின்று, அதைப் பெருவிரலால் ஒதுக்கினாள். பிறகு அம்மியின் நடுவில், பொட்டு வைத்திருந்த இடம் பார்த்துப் பாதத்தை வைத்து அழுத்தினாள். தண்டுவடம் இழுக்கும், உதறும், தட்டிவிடும். வழியில் நிற்காது, இடம் பார்க்காது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ என்ன நினைத்துக்கொண்டு போகிறாய் என்று எனக்குத் தெரியாததுதான். ஆடி பிறக்கப் போகிறது என்று பெண்ணை அவள் வீட்டார் அழைத்துப் போனார்கள், நீ ரயிலேறினாய், முறைப்படிதானே எல்லாம் நடக்கிறது என்றிருந்தேன். ஆவணியில் வந்து அழைத்துப் போவாய் என்று பார்த்தோம். புரட்டாசியும் வந்துவிட்டது, இந்தக் கடிதம்தான் வந்தது.

கடிதம் வந்த மறுநாள் நானும் உன் அம்மாவும் ரயிலேறி அம்பாசமுத்திரம் போனோம். நீ எழுதியதைப் பற்றி மூச்சு விடவில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றோம். உன் மாமனார் நல்ல மனுஷர், வயலிலிருந்து அப்படியே ஓடி வந்தார். கால் சேற்றைக்கூடக் கழுவாமல் என் எதிரே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, எம் பொண்ணு என்ன குத்தம் செஞ்சான்னு மட்டும் சொல்லிருங்க, திருத்திக்கிடுதோம்" என்றார். குற்றம் ஒன்றுமில்லை என்றேன். அவர் கண் கலங்கிற்று. நான் வேறு பக்கம் பார்த்தேன். உலகம்மை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டர் கேட்கிற மாதிரி நேராகக் கேட்டுவிட்டேன். "யம்மா, அன்னைக்கு அம்மி மிதிக்கையில கால் ஏன் அப்படிப் போச்சு?"

அவள் தலை நிமிரவில்லை. "அவுக விரல்ல இருந்த தர்ப்ப கீறிட்டு மாமா. கால் தன்னால போயிட்டு, நான் இழுக்கல" என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்: "உதைச்சுட்டான்னு பெரியத்த சொன்னது காதுல விழுந்துச்சு. அவுக முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. மறுபடி அவுக குனிஞ்சு தூக்கி வைக்கட்டும்னு நின்னா, இவளுக்கு இஷ்டமில்ல போலன்னு நினைச்சிருவாகளோன்னு பயந்துட்டேன். அதான் நானே வச்சேன்." சொல்லிவிட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "பொம்பளப்பிள்ள தானா காலைத் தூக்கி வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. அதுக்குத்தான் அவுக கோவிச்சுக்கிட்டு வரலியோன்னு இத்தன நாளா நினைச்சிக்கிட்டு இருக்கேன்."

மகனே, அந்த இடத்தில் உன் அம்மா அழுதுவிட்டாள். நானும் அழுதிருப்பேன், சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்றதாக நினைத்துக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். வேண்டும் என்று தான் சொன்னதுதான் உனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் இங்கே இளைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மியும் மெட்டியும் வைத்தவர்கள், பெண் சம்மதத்தைக் கேட்க ஒரு இடமும் வைக்கவில்லை. அவள் அதைத் தானாகவே சொன்னாள், வாயால் சொல்ல வழியில்லாமல் காலால் சொன்னாள், ஊரே கூடியிருக்கும்போது சொன்னாள். அதைப் பார்க்க வேண்டிய ஒருவன் மட்டும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் நீ அத்தை பக்கம் திரும்பி நின்றதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "அப்பம் அவுக பாக்கவே இல்லியா மாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

இனி உன்னைப் பற்றி. அன்றைக்கு நாலு பேர் சிரித்ததும் உனக்குச் சுருக்கென்றது, மனசு இழுத்துக்கொண்டது. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன், அதுவும் தானாக வருவதுதான். ஆனால் தானாக வருவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனியில் இழுத்த கால் புரட்டாசி வரைக்கும் அந்தரத்தில் நிற்காது. அப்படி நிற்கிறது என்றால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தண்டுவடமில்லை, நீதான். உனக்கும் இறக்கி வைக்கத் தெரியும், வழியில் செம்பு கிடந்தால் ஒதுக்கவும் தெரியும். உன் அம்மாவின் பிள்ளை நீ.

அவள் கேட்டதற்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவள் எதிர்பார்ப்பது என் பதிலை இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் உன் மாமனார் ஸ்டேஷனில் வந்து நிற்பார், வரவேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. வண்டி நின்றதும் எல்லோரும் வலது காலை வைத்து இறங்குங்கள் என்பார்கள். வலதோ இடதோ, எனக்குக் கவலையில்லை. நீயாக எடுத்து வை.

உன் அப்பா